வளர்ந்த பிள்ளையை இழந்தபின்: வீடும் தொழிலும்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில் ஏறக்குறைய பாதி வழியில் இருப்பது திருக்கழுக்குன்றம். வேதகிரீசுவரர் மலையையும், நண்பகலில் அங்கு வந்து உணவுண்டு சென்ற கழுகுகளையும் கொண்டே அவ்வூரை முன்பு அறிந்திருந்தோம். 2008-க்குப் பின் மருத்துவ உலகம் அவ்வூரை வேறொரு காரணத்தால் நினைவில் வைத்திருக்கிறது. அவ்வாண்டு செப்டம்பரில், அவ்வூரில் மருத்துவம் பார்த்துவந்த அசோகன், புஷ்பாஞ்சலி தம்பதியரின் மகன் ஹிதேந்திரன் இருசக்கர வாகன விபத்தில் சிக்கினார். வயது 15. சென்னையில் உயர்சிகிச்சை அளித்தும் பலனில்லாமல் மூளைச்சாவு உறுதியாயிற்று. மூளைச்சாவு என்றால் என்ன என்பதைப் பிறருக்கு விளக்கும் தொழிலில் இருந்த பெற்றோர் இருவரும், தம் மகனைக் குறித்தே அச்சொல்லைக் கேட்க நேர்ந்தது. அவர்கள் உறுப்புகளைக் கொடையளிக்க இசைந்தனர். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு, காவல்துறை வழி ஒழுங்கு செய்துகொடுக்க, அச்சிறுவனின் இதயம் 11 நிமிடங்களில் கொண்டுசெல்லப்பட்டு ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது.

தமிழ்நாடு அரசின் உறுப்புக் கொடைத் திட்டம் அடுத்த மாதமே, 2008 அக்டோபரில், தொடங்கிற்று. உறுப்புக் கொடையளித்தோரின் இறுதிச் சடங்குகள் அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023 செப்டம்பர் 23 அன்று அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் பலரும் அறிந்த செய்திகள். நாங்கள் இங்கு எழுத விரும்புவது செய்தித்தாளில் வராத பகுதியைப் பற்றி. அந்தத் தாயும் தந்தையும் பின்னர் தம் ஊருக்கே திரும்பினர். மகன் அறிந்த அதே தெருக்களில், காய்ச்சலுக்கும் இருமலுக்கும் வருவோருக்கு மருந்தெழுதினர். பிள்ளையை இழந்த பெற்றோர் மறுநாளும் அதற்கடுத்த நாளும் என்ன செய்கின்றனர், வீட்டை எவ்வாறு நடத்துகின்றனர், தொழிலுக்கு எப்போது, எப்படித் திரும்புகின்றனர் என்பதே எங்கள் கேள்வி. இக்கேள்வி எம் வார்டுகளில் அடிக்கடி எழுகிறது. ஆனால் யாரும் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய்ச் சேர்க்கப்படும் அறுபது வயது அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தால்தான், ஆறு மாதத்துக்கு முன் மகன் போனதும், அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டதும் தெரியவருகின்றன.

இதே கடற்கரையில் 2004 டிசம்பர் 26 காலை வந்த பேரலையை நாம் மறக்கவில்லை. மாமல்லபுரத்தையடுத்த மீனவர் குப்பங்கள், கல்பாக்கம் நகரியம், தெற்கே நாகப்பட்டினம் வரை எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் இல்லாமற் போயினர். நாகப்பட்டினத்தில் கரிபீரன் பரமேஸ்வரன், சூடாமணி தம்பதியர் அன்று தம் மூன்று பிள்ளைகளையும் இழந்தனர். பின்னர் அவர்கள் தம் வீட்டையே, பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குத் திறந்து, ‘நம்பிக்கை’ என்ற இல்லமாக்கினர். பிள்ளைகளை இழந்து, முன்பே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டிருந்த தாய்மாருக்கு, மீண்டும் கருத்தரிப்பதற்கான மறு அறுவையை அரசு தன் செலவில் செய்துகொடுத்தது. ஆனால் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போன பிள்ளையை ஐம்பத்தைந்து, அறுபது வயதில் இழப்போருக்கு அந்த வழியும் இல்லை.

இத்தகைய பெரிய செயல்களைக் கேட்கும்போது சாதாரணப் பெற்றோருக்கு ஒரு குற்ற உணர்வு எழுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். ‘அவர்கள் அவ்வளவு செய்தார்கள், நம்மால் எழுந்து அடுப்புப் பற்றவைக்கக்கூட முடியவில்லையே’ என்கின்றனர். உறுப்புக் கொடைக்கு இசையாமல் போன குடும்பத்தாரும் இவ்வாறே வருந்துவதுண்டு. அவ்வருத்தம் வேண்டா. அந்த இரவில் கேட்கப்பட்ட கேள்விக்கு இயலாது என்று சொன்னது யாருடைய அன்பையும் குறைத்துவிடாது. கொடையளித்த பெற்றோரின் துயரம் அக்கொடையால் தீர்ந்துவிட்டது என எண்ணுவதும் பிழை. எங்கள் மதிப்பீட்டில், எழுந்து அடுப்புப் பற்றவைப்பதும் பெரிய செயலே.

நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்னும் உளவியலாளர் இருவர் 1999-இல் வெளியிட்ட கருத்தொன்று, இவ்விடத்தில் எங்களுக்குப் பெரிதும் உதவியிருக்கிறது. துயருற்றவர் இரண்டு நிலைகளுக்கிடையே ஊசலாடுகிறார் என்பது அவர்கள் கண்டது. ஒரு வேளை அவர் இழப்பை நோக்கித் திரும்புகிறார். அழுகிறார், படத்தைப் பார்க்கிறார், பழைய குரல் பதிவைக் கேட்கிறார். மற்றொரு வேளை வாழ்வை நோக்கித் திரும்புகிறார். ரேஷன் கடைக்குப் போகிறார், மின்கட்டணம் கட்டுகிறார், தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறார். இவ்விரண்டும் மாறி மாறி வருவதே இயல்பு, அதுவே ஆற்றவும் செய்கிறது. ஒன்றிலேயே நின்றுவிட்டால்தான் சிக்கல். ஆகவே ஒரு தந்தை பிற்பகலில் தென்னைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தால், ‘அதற்குள் மறந்துவிட்டார்’ என்று அக்கம்பக்கத்தார் பேசுவது தவறு. அவர் இரவில் மீண்டும் அழுவார். பாத்தி கட்டிய அந்த ஒரு மணி நேரம் அவருடைய உடல் இளைப்பாறிய நேரம்.

வீட்டு வேலைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கேதான் பிள்ளையின் கை பதிந்திருக்கிறது. இப்பகுதியில் எத்தனையோ வீடுகளில் மாடி, மகன் அல்லது மகளின் சம்பளத்தில் எழும்பிக்கொண்டிருக்கும். தளம் போட்டாயிற்று, பூச்சு வேலை நிற்கிறது, படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருவேறுகின்றன. அந்த மாடியை என்ன செய்வது? சிலர் அதை ஏறியும் பார்ப்பதில்லை. சிலர் ஒரே மாதத்தில் கடன் வாங்கி முடித்துவிடத் துடிக்கின்றனர். நாங்கள் சொல்வது இதுதான்: வீட்டை விற்பது, ஊரைவிட்டுப் போவது, பெருங்கடன் வாங்குவது போன்ற, திரும்பப் பெற இயலாத முடிவுகளை இயன்றால் ஓராண்டு தள்ளிப்போடுங்கள். மழைநீர் உள்ளே இறங்காமல் ஓட்டையை அடைப்பது, கைப்பிடி வைப்பது போன்ற பாதுகாப்பு வேலைகளை மட்டும் முதலில் செய்யுங்கள். கொத்தனாரும் சித்தாளும் வந்து போகும் இரண்டு நாட்கள் வீட்டில் மனித ஓசை இருக்கும். தேநீர் போட்டுக்கொடுக்க ஒருவருக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கும். அதுவே போதிய தொடக்கம்.

பிள்ளையின் அறையைப் பற்றியும் ஒரு சொல். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உறவினர் சிலர், நல்லெண்ணத்தால்தான், துணிமணிகளை மூட்டை கட்டிக் கொடுத்துவிடுகின்றனர். பெற்றோரைக் கேளாமல் அதைச் செய்ய வேண்டா. எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பதைத் தாயும் தந்தையும் முடிவு செய்யட்டும். அது ஒரே நாளில் முடிய வேண்டியதில்லை. ஒரு வாரம் ஓர் அலமாரித் தட்டு என்று எடுத்தவர்கள் உண்டு. வாசலில் நிற்கும் இருசக்கர வாகனத்தைத் துடைத்து வைப்பவர்களும், அதன்மீது துணியைப் போர்த்திவிடுபவர்களும் உண்டு. இரண்டும் சரியே. கைப்பேசியிலுள்ள படங்களையும் குரல் பதிவுகளையும் வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்த பின்னரே இணைப்பைத் துண்டியுங்கள்.

தொழிலுக்குத் திரும்புவது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதம். அரசு ஊழியருக்கு விடுப்பு உண்டு. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறையில் நாட்கூலிக்குக் கல் செதுக்குபவருக்கு இல்லை. விடியுமுன் படகைத் தள்ளிக் கடலுக்குள் போகும் மீனவருக்கும் இல்லை. பலர் இருபதாம் நாளே வேலைக்குப் போய்விடுகின்றனர். அது கல்மனத்தால் அன்று. போகலாம், ஆனால் முதல் சில வாரங்கள் உறக்கம் குறைந்திருக்கும், கவனம் சிதறும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கல் அறுக்கும் இயந்திரத்தில் நிற்பவர், பேருந்தோ லாரியோ ஓட்டுபவர், உயரத்தில் ஏறுபவர் ஆகியோர் சில காலம் வேறு பணி கேட்டுப் பெறுவது நன்று. மேலாளரிடம் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. உடன் பணிபுரிவோரே, அவரைக் கண்டு பேச்சை நிறுத்திக்கொள்ளாதீர்கள். இறந்த பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அப்பெயரைக் கேட்டால் அவர் உடைந்துவிடுவார் என அஞ்சுகிறோம்; அப்பெயரை ஊரே சொல்லாமல் விட்டுவிட்டதுதான் பெரிய வலி என்று தாய்மார் பலர் எங்களிடம் சொல்லியிருக்கின்றனர்.

கணவனும் மனைவியும் ஒரே வேளையில் ஒரே விதமாக அழுவதில்லை. அவர் வெளியே போய்விடுகிறார், இவர் அறைக்குள் இருந்துவிடுகிறார்; ‘உங்களுக்கு மனமே இல்லை’ என்ற சொல் ஒருநாள் வந்துவிடுகிறது. மேலே சொன்ன ஊசலாட்டத்தை இங்கு நினைவுகொள்க. ஒருவர் இழப்பின் பக்கம் இருக்கும்போது மற்றவர் வாழ்வின் பக்கம் இருக்கிறார், அவ்வளவே. ஒரு வேளை உணவையேனும் சேர்ந்து உண்பது என்ற சிறு வழக்கத்தை விடாதிருப்பது உதவுகிறது. மருமகளும் பேரக்குழந்தையும் இருந்தால் பொறுப்பு இன்னும் நுட்பமானது. அவளும் துணையை இழந்தவள். பேரனின் முகத்தில் மகனைத் தேடுவது இயல்பு; ஆயினும் அக்குழந்தை தன் விளையாட்டையும் பிறந்தநாளையும் இழந்துவிடலாகாது. மீதமுள்ள பிள்ளைகளுக்கும் இதே சொல் பொருந்தும்.

உடலைக் குறித்து மருத்துவமனை இதழ் பேசாமல் இருக்க இயலாது. டென்மார்க்கில் நடந்து 2003-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான பெரிய ஆய்வொன்று, பிள்ளையை இழந்த தாய்மாரிடையே இறப்பு விகிதம் பிறரைவிடக் கூடுதலாக இருப்பதைக் காட்டிற்று. ‘புத்திர சோகம்’ ஆளைக் கொல்லும் என்று நம் முன்னோர் சொன்னது வெறும் பேச்சன்று. கடுந்துயரின்போது இதயத்தின் ஒரு பகுதி திடீரெனச் சோர்ந்து, வீங்கிய வடிவம் கொள்ளும் நோயொன்று உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் அதற்கு ‘டக்கோட்சுபோ’ எனப் பெயரிட்டனர். அவர்கள் ஊரில் பேய்க்கணவாய் பிடிக்கப் பயன்படும் பானையின் பெயர் அது. மாதவிலக்கு நின்ற பெண்களிடமே இது மிகுதி. அறிகுறிகள் மாரடைப்பைப் போலவே இருக்கும். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். ஆனால் இது எது, மாரடைப்பு எது என்பதை வீட்டிலிருந்து அறிய முடியாது. எனவே துக்க வீட்டில் ஒருவர் மார்பு வலிக்கிறது என்றால், ‘அழுத அழுகைக்கு வலிக்காதா’ என்று சொல்லிப் படுக்கவைக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வேளைக்கு எடுத்துக்கொடுக்கும் பொறுப்பை ஒரு மாதத்துக்கேனும் உறவினர் ஒருவர் ஏற்பது நலம்.

காகித வேலைகளும் உண்டு. அவை கொடுமையானவைதாம், ஆயினும் தள்ளிப்போட்டால் மேலும் கொடுமையாகும். இறப்புச் சான்றிதழைப் பல படிகள் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்கலாம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த மகனின் சொத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. தந்தை அவ்வகுப்பில் இல்லை. இதை அறியாத தாய்மார் பலர். வருங்கால வைப்பு நிதியில் இருந்தவர் பணிக்காலத்தில் இறந்தால், அதனோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கக்கூடும், நிறுவனத்தில் கேளுங்கள்.

பிறந்தநாள், திதி, பொங்கல், பிள்ளையின் நண்பர்கள் திருமண அழைப்பிதழோடு வரும் நாள் ஆகியவை மீண்டும் அடிக்கும். முன்கூட்டியே அந்நாளில் யாருடன் இருப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஆறு மாதம் கடந்தும் நாள்தோறும் அதே கடுமையுடன் ஏக்கம் நீடித்து, உண்ணவோ உறங்கவோ வேலைக்குப் போகவோ இயலாதிருந்தால், அதை உலக சுகாதார நிறுவனம் நீடித்த துயர நோய் என வகைப்படுத்தியிருக்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. ‘அவனோடு நானும் போய்விடுகிறேன்’ என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் அவரைத் தனியே விடாதீர்கள். ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டா. அடுத்த முறை இரத்தப் பரிசோதனைக்கு வரும்போது செவிலியரிடம் சொன்னாலும் போதும், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அதுவரை பொறுக்க இயலாதபோது 14416 என்ற எண்ணில், அரசின் டெலி-மானஸ் சேவையை இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசுவர்.