முந்நாட்டு மலைக்குடில்

ஒஸ்திரியாவின் திரோல் மாகாணத்திலே, 1377 மீற்றர் உயரத்தில், இஷ்கிள் என்றொரு மலையூர் உண்டு. கோடைகாலத்தில் தடித்த டயர் பூட்டிய துவிச்சக்கர வண்டிகளில் இளைஞரும் முதியோரும் அங்கிருந்து பிம்பா பள்ளத்தாக்கின் வழியே ஏறிச் செல்வர். அவர்கள் நாடுவது, 2264 மீற்றர் உயரத்தில் 1889ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற ஹைடல்பேர்க் குடிலை.

இக்குடிலின் விந்தை யாதெனில், உடைமையாளர் ஜேர்மனிய மலையேறுவோர் கழகத்தினர். வண்டிப் பாதையோ ஒஸ்திரியாவிலிருந்து வருவது. அது நிற்கும் மண் சுவிற்சர்லாந்தினுடையது! முற்காலத்தில் தெற்கிலிருந்து கணவாயைக் கடந்து மாடு ஓட்டி வந்த உழவரின் மேய்ச்சலுரிமையே இவ்வெல்லையை வகுத்தது.

ஏற்றம் ஏறத்தாழ 900 மீற்றர். வளியமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் நாலில் மூன்று பங்களவே ஆதலால், கியரை எத்துணை இலகுவாக்கினும் மூச்சிரைக்கும். காடு ஒழிந்து புல்வெளி விரிந்ததும் மேற்கே புளுக்தோர்ன் சிகரம் எழுந்து நிற்கும். அசையாதது மலை என்போம். ஆயின் இதன் தென்முடி 2023 யூன் மாதத்தில் இடிந்து, அப்பாலுள்ள பள்ளத்தாக்கில் வீழ்ந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் எதுவுமில்லை. பாறைப் பிளவுகளைப் பிணைத்திருந்த நிலையான உறைபனி வெப்ப மிகுதியால் இளகியதே இதற்குக் காரணமென்பர் அறிஞர்.

குடிலுக்கு அப்பால் 2608 மீற்றர் உயரமுள்ள பிம்பர் கணவாய். ஆங்கு செல்லும் ஒற்றையடிப் பாதையில், ஆளைச் சுமந்து வந்த வண்டியை ஆள் தள்ளியும் தூக்கியும் செல்லவேண்டும். பிற்பகலில் இடிமேகம் திரளுமாயின் குடிலிலேயே இராத்தங்குதல் நன்று. தேநீரும் கிடைக்கும், நீர் ஏறத்தாழ 92 பாகையிலேயே கொதித்துவிடுவதால், சாயம் மட்டும் நம் நாட்டுத் தேநீர்போல் இறங்காது.