சீருடையும் வார்டு உறுப்பினர் பதவியும்

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில், பனவடலிசத்திரத்தில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது ஊர்க்காவல் படை இளைஞர் ஒருவர் என்னை அணுகினார். ஆடித்தபசுக் கூட்டத்தைச் சீருடையில் நின்று ஒழுங்குபடுத்தியவராக அவரை முன்பே அறிவேன். "அண்ணாச்சி, ஊரில் என்னை வார்டுக்கு நிற்கச் சொல்கிறார்கள். நான் சம்பளக்காரன் இல்லை, தொண்டன்தானே? ஜெயித்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

எளிய கேள்விதான். ஆனால், நம் நாட்டில் பெரிய பதவிகளை அசைத்த கேள்வியும் இதுவே.

அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 102-ஆவது பிரிவு. சட்டப்பேரவைக்கு 191-ஆவது பிரிவு அதையே கூறுகிறது. பேரவைத் தேர்தலுக்கான தகுதியின்மைகள் ஊராட்சிக்கும் பொருந்தும் என்பது 243எஃப் பிரிவு. அரசைக் கேள்வி கேட்க வேண்டியவர் அதே அரசின் தயவில் இருக்கக் கூடாது என்பதே இவற்றின் நோக்கம்.

அந்த இளைஞரைப் போலவே பலரும் ஊதியம் இல்லையென்றால் சிக்கல் இல்லை என்று எண்ணுகின்றனர். ஜெயா பச்சனும் அப்படித்தான் வாதிட்டார். உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கழகத் தலைவர் பதவிக்குரிய மாத மதிப்பூதியம் 5,000 ரூபாய். அவர் அதைப் பெற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் 2006-இல் மாநிலங்களவை உறுப்பினர் பதவியை இழந்தார். பணத்தை வாங்கினாரா என்பதைவிட, அது பெறத்தக்கதாக இருந்ததா என்பதே முக்கியம் என்றது உச்சநீதிமன்றம். அதே ஆண்டில் தேசிய ஆலோசனைக் குழுத் தலைவர் பதவி குறித்து இதே சர்ச்சை எழுந்தபோது, சோனியா காந்தி மக்களவை உறுப்பினர் பதவியிலிருந்து விலகி மீண்டும் போட்டியிட்டார். செலவை ஈடுகட்டும் படி வேறு, ஆதாயம் வேறு என்பதையும் நீதிமன்றம் மறந்துவிடவில்லை. அமர்வுக்கு 6 ரூபாய் வாங்கிய வட்ட வளர்ச்சிக் குழுத் தலைவரை 1954-இல் அது தகுதியிழக்கச் செய்யவில்லை.

ஊர்க்காவல் படைக்கு விடை இன்னும் தெளிவாக இருக்கிறது, நாடாளுமன்ற அளவில். 1959-ஆம் ஆண்டின் தகுதியின்மைத் தடுப்புச் சட்டம், தேசிய மாணவர் படை, பிரதேச ராணுவம், ஊர்க்காவல் படை ஆகியவற்றின் உறுப்பினர்களுக்கு வெளிப்படையாக விலக்கு அளிக்கிறது. (சென்னை ஷெரீஃபும் அந்தப் பட்டியலில் உண்டு!) சச்சின் பைலட் 2012-இல் மத்திய அமைச்சராக இருந்தபோதே பிரதேச ராணுவ அதிகாரியானார். 2016-இல் அனுராக் தாக்குர், மக்களவை உறுப்பினராக இருந்துகொண்டே அதில் சேர்ந்தார்.

அப்படியானால் பனவடலிசத்திரத்து இளைஞருக்கு மட்டும் என்ன தடை? அந்த 1959 சட்டம் ஊராட்சிக்கு நேரடியாகப் பொருந்தாது. மாநிலச் சட்டமும் ஊராட்சிகள் சட்டமும் சொல்வதே இங்கு செல்லும். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. சச்சின் பைலட் சீருடை அணிந்தது தம் தொகுதி வாக்காளர்களைக் கட்டுப்படுத்துவதற்காக அல்ல. வார்டு உறுப்பினருக்கோ சில நூறு வாக்காளர்கள். அவர்களுள் பலர் உறவினர், சிலர் பகையாளர். பகலில் தெருக்குழாய்க்காக அவரிடம் மனு கொடுத்தவர், இரவில் கோயில் கொடையில் அவரது தடிக்கு முன்னால் நிற்க நேரும். ஊர்க்காவல் படையினர் காவல் துறையின் கட்டளைக்கு உட்பட்டவர்கள். தேர்தல் பணிக்கும் அனுப்பப்படுபவர்கள். காவல் நிலையத்தின் மீது ஊர்மக்கள் குறை சொன்னால், உறுப்பினராக அவர் யார் பக்கம் பேசுவார்?

சிற்றூர்களில் பொதுவேலைக்கு முன்வருவோர் மிகச் சிலர், அவர்களையும் சட்டம் காட்டி விரட்டலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ரத்ததான முகாமோ, மாலைநேர வகுப்போ என்றால் நானும் அவர் பக்கமே நிற்பேன். தடியும் சீருடையும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

வேட்புமனுவுக்கு முன்பே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்துமூலம் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துமாறும், எந்தப் பதில் வந்தாலும் படையிலிருந்து விலகிவிட்டு நிற்பதே நல்லது என்றும் இளைஞரிடம் சொன்னேன். "தோற்றுவிட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா?" என்றார். அதற்குள் திருநெல்வேலிப் பேருந்து வந்துவிட்டது.