உங்களுக்குத் தெரியுமா? பழைய உடையா, பழைய பாணியா?

1950-களின் பாணியில் இருக்கும் கவுன் எல்லாம் 1950-களில் தைத்ததல்ல. அமெரிக்காவில் 1980-களில் அந்தப் பாணி மீண்டும் வந்தது. வயதை அறிய உட்புறத்தைப் பாருங்கள்.

• துவைக்கும் முறையைச் சொல்லும் லேபிள் அங்கே கட்டாயமானது 1972-இல்.

• எழுத்தின்றி, சலவைக் குறியீடுகளை மட்டும் போட அனுமதி கிடைத்தது 1997-இல்.

• சர்வதேசப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் லேபிள் இருந்தால், உடை பெரும்பாலும் 1995-க்கு முந்தியது. அவ்வாண்டில் சங்கம் வேறொன்றுடன் இணைந்தது.

எட்ஸி இணையச் சந்தையில் ‘வின்டேஜ்’ என்று விற்க, பொருளுக்குக் குறைந்தது 20 வயது ஆகியிருக்க வேண்டும்.

விற்பவர்களே, ‘1950-களின் பாணி, 1980-களில் தைத்தது’ என்று இரண்டையும் எழுதுங்கள். அதுவே நேர்மையான வியாபாரம்.