நான்கு திமிங்கிலங்களும் ஒரு கடற்காடும்

புல்லை வெட்டுக்கிளி தின்கிறது. வெட்டுக்கிளியைத் தவளையும், தவளையைப் பாம்பும் தின்கின்றன. இந்த உணவுச் சங்கிலியை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். இதில் பாம்பு மூன்றாம் நிலை நுகர்வோர். பாம்பு புல்லைத் தொடுவதே இல்லை. அப்படியானால், பாம்புகள் பெருகினால் புல்லுக்கு என்ன ஆகும்? இதைப் போன்ற ஒரு கேள்விக்கு வட பசிபிக் கடல் விடை சொல்லியிருக்கிறது.

அலாஸ்காவிலிருந்து மேற்கே வில்போல் வளைந்து கிடப்பவை அலூஷியன் தீவுகள். அவற்றின் கரையோரக் கடலில் கெல்ப் என்னும் பெரும் கடற்பாசிகள் காடுபோல் வளர்கின்றன. அவற்றைத் தின்பது கடல் முள்ளெலி. முட்பந்து போன்ற சிறு பிராணி. அதைத் தின்பது கடல் நீர்நாய். மென்மயிருக்காக வேட்டையாடப்பட்டு அழியவிருந்த நீர்நாய்கள், 1911ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் மெல்லப் பெருகின. முள்ளெலிகள் குறைந்தன, கடற்காடு தழைத்தது.

ஆனால் 1990களில் நீர்நாய்கள் மீண்டும் வேகமாகக் குறைந்தன. நோயில்லை, பஞ்சமில்லை. ஜேம்ஸ் எஸ்டிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 1998இல் காரணத்தை வெளியிட்டனர். ஓர்க்கா எனப்படும் கொலைத் திமிங்கிலங்கள் நீர்நாய்களைத் தின்னத் தொடங்கியிருந்தன! சங்கிலியில் மூன்றாம் நிலை நுகர்வோர் ஒன்று புதிதாகச் சேர்ந்துவிட்டது.

எத்தனை திமிங்கிலங்கள்? நீங்களே கணக்கிடலாம். ஆறு ஆண்டுகளில் மறைந்தவை சுமார் 40,000 நீர்நாய்கள். அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 6,700. நீர்நாயை மட்டுமே தின்னும் ஒரு திமிங்கிலத்தின் ஆற்றல் தேவைக்கு நாளொன்றுக்கு 5 வேண்டும், ஆண்டுக்கு 1,825. வகுத்துப் பாருங்கள்: 3.7 வருகிறது. நான்கே திமிங்கிலங்கள் போதும்!

இதில் வியப்பில்லை. ஒரு நிலையிலுள்ள ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அடுத்த நிலைக்குச் செல்கிறது. பாசியில் 10,000 அலகு என்றால், முள்ளெலிக்கு 1,000, நீர்நாய்க்கு 100, திமிங்கிலத்துக்கு 10. எஞ்சியது பெரும்பாலும் வெப்பமாகவும் கழிவாகவும் போய்விடுகிறது. ஆகவே உச்சியில் இருப்பவை சிலவே. ஆனால் ஒவ்வொன்றின் பசியும் பெரிது.

விளைவு என்ன? அடாக் தீவில் 1987க்கும் 1997க்கும் இடையே முள்ளெலிகளின் மொத்த எடை எட்டு மடங்காயிற்று. பாசியின் அடர்த்தி பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கியது. பாசியைத் தீண்டாத திமிங்கிலம் பாசிக்காட்டை அழித்துவிட்டது! அதே தீவில், திமிங்கிலம் நுழைய முடியாத ஒரு காயலில் மட்டும் நீர்நாய்கள் பெரிதும் குறையவில்லை. இயற்கையே செய்து காட்டிய சோதனை அது.

இதை ஒரு குறிக்கணக்காக நினைவில் வையுங்கள். திமிங்கிலம் கூடினால் நீர்நாய் குறையும் (−). முள்ளெலி கூடும் (+). பாசி குறையும் (−). ஒவ்வொரு படியிலும் குறி மாறுகிறது. இயற்கையில் சங்கிலிகள் பின்னி வலையாகக் கிடப்பதால், விடை எப்போதும் இவ்வளவு நேராக வந்துவிடாது. இருந்தாலும் முயன்று பார்க்கலாம். நெல், எலி, பாம்பு, பாம்பைத் தின்னும் கழுகு: கழுகுகள் மறைந்தால் நெல்லின் குறி என்ன? எலிக்கு வேறு பகைவர்களும் உண்டென்றால் உங்கள் விடை மாறுமா?