கணினி விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டம்

பாடசாலைக் கல்வியும் பட்டக் கல்வியும் பிறர் கண்டறிந்தவற்றையே பெரும்பாலும் கற்பிக்கின்றன. ஆசிரியர் வினாவை இடுகின்றார். அதற்குரிய விடை முன்னரே அவர் கையில் உண்டு. கலாநிதிப் பட்டத்துக்குரிய படிப்போ, விடை எவர் கையிலும் இல்லாத வினாவிலே தொடங்குகின்றது. இவ்வேறுபாட்டை உணராமையால், பரீட்சைகளிற் சிறந்து விளங்கிய மாணவருட் சிலர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் வாயிலில் ஏமாற்றமடைகின்றனர். கணினி விஞ்ஞானத்துக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கலாநிதி மாணவரைத் தெரிவுசெய்யும் முறையை ஆராயின் இவ்வுண்மை தெளிவாகும்.

இத்துறை வயதால் இளையது. ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது கணினி விஞ்ஞானப் பகுதி 1962ஆம் ஆண்டிற் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆம் திகதி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இர்விங் டாங் என்பவரும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மேரி கெனத் கெல்லர் என்னும் அருட்சகோதரியும் அந்நாட்டிற் கணினி விஞ்ஞானத்தின் முதற் கலாநிதிகளாயினர். கெல்லர் அம்மையாருக்கு அப்போது வயது 51. பின்னர் அவர் கிளார்க் கல்லூரியிற் கணினி விஞ்ஞானப் பகுதியை நிறுவி, நெடுங்காலம் அதற்குத் தலைமை தாங்கினார். இப்பட்டம் இளைஞருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

அமெரிக்காவில் இப்படிப்புக்கு வேண்டிய அடிப்படைத் தகைமை ஒரு முதற் பட்டமே. முதுமாணிப் பட்டம் பெற்ற பின்னரே கலாநிதிப் படிப்பை நாடலாம் என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அதனை வற்புறுத்துவதில்லை. கணினி விஞ்ஞானமேயன்றிக் கணிதம், பொறியியல் முதலிய துறைகளிற் பட்டம் பெற்றோரும் விண்ணப்பிக்கின்றனர். படிப்பு முடிய ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் செல்லும். பிரித்தானியாவின் வழக்கம் வேறு. அங்கே மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் ஆய்வு முடிவுறும். ஆனால் மாணவர் தமக்கு வழிகாட்டக்கூடிய பேராசிரியரையும் ஆய்வுப் பொருளையும் பெரும்பாலும் முன்கூட்டியே கண்டுகொள்ளல் வேண்டும்.

செலவை எண்ணி அஞ்சுவோர் ஒன்றை அறிதல் நன்று. அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் இத்துறையிற் சேரும் கலாநிதி மாணவருக்குக் கல்விக் கட்டணத்தை நீக்கி, வாழ்க்கைச் செலவுக்கு மாதந்தோறும் உதவிப் பணமும் வழங்குகின்றன. மாணவர் ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ பணிபுரிவர். ஒவ்வொரு மாணவர் பொருட்டும் பெருந்தொகை செலவிடப்படுவதாலேயே தெரிவு கடினமாகின்றது.

விண்ணப்பத்துடன் அனுப்ப வேண்டியவை சிலவே: பல்கலைக்கழகப் பெறுபேறுகள், நோக்கத்தை விளக்கும் கட்டுரை, பொதுவாக மூவரிடமிருந்து பரிந்துரைக் கடிதங்கள், ஆங்கில மொழித் தேர்ச்சிக்குச் சான்று. முன்னர் ஜி. ஆர். ஈ. என்னும் பொதுப் பரீட்சையும் பரவலாக வேண்டப்பட்டது. இன்று மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் உட்படப் பல இடங்களில் இத்துறைக்கு அது வேண்டப்படுவதில்லை. கணினி விஞ்ஞானத்துக்கென நடத்தப்பட்ட தனி ஜி. ஆர். ஈ. பரீட்சையும் 2013ஆம் ஆண்டுடன் நிறுத்தப்பட்டது.

இவற்றுள் மிகுந்த நிறை உடையவை பரிந்துரைக் கடிதங்களே. தெரிவுக் குழுவிலிருந்து அவற்றைப் படிப்போர் பேராசிரியர்கள். “இவர் என் வகுப்பில் முதல்வர், நற்குணமுடையவர்” என்று ஒருவர் எழுதினால், பெறுபேற்றுத் தாள் கூறாத புதுச் செய்தி அதில் அதிகமில்லை. “இம்மாணவரிடம் ஒரு வினாவை ஒப்படைத்தேன். முதல் முயற்சி தவறியது. தவறியதன் காரணத்தை அவரே கண்டு, மறுவாரம் வேறொரு வழியுடன் வந்தார்” என்று மற்றொருவர் எழுதினால், அங்கே ஓர் ஆய்வாளரின் இயல்பு புலனாகின்றது. ஆகவே, பெரும் பதவியில் இருப்பவரின் கடிதத்தினும், மாணவரின் வேலையை அருகிருந்து கண்டவரின் கடிதமே பயன் தரும்.

நோக்கக் கட்டுரைக்கும் இவ்விதியே பொருந்தும். சிறுவயது முதல் கணினியில் ஆசை கொண்டதை விரித்துரைத்தல் வேண்டியதில்லை. செய்து பார்த்த ஆய்வு யாது, அதில் விடுபடாத முடிச்சு யாது, இனி ஆராய விரும்புவது யாது, அப்பல்கலைக்கழகத்தில் அதற்குத் துணைபுரியக் கூடியவர் யாவர் என்பவற்றைத் தெளிவாகக் கூறினாற் போதும்.

ஆய்வு அநுபவத்தை எங்கே பெறுவது என்று இலங்கை மாணவர் வினவலாம். சிறப்புப் பட்டத்தின் இறுதியாண்டிற் செய்யப்படும் ஆய்வுச் செயற்றிட்டமே அதற்கு நல்ல வாய்ப்பு. புள்ளிகளுக்காக மட்டும் அதனை முடித்துவிடாது, விரிவுரையாளர் ஒருவருடன் பட்டத்துக்குப் பின்னும் தொடர்ந்து உழைப்பவர் ஓர் ஆய்வுக் கட்டுரையையும், மனமார்ந்த ஒரு கடிதத்தையும் ஒருங்கே பெறக்கூடும்.

காலத்தையும் கருதல் வேண்டும். அடுத்த ஆண்டின் இலையுதிர்காலத்திற் படிப்பைத் தொடங்க விரும்புவோருக்கு, விண்ணப்ப முடிவுத் திகதி பெரும்பாலும் டிசெம்பர் மாத நடுப்பகுதியில் அமையும். கடிதம் எழுதுவோரிடம் ஓரிரு மாதங்களுக்கு முன்னரே வேண்டுகோள் விடுத்தல் முறை. விண்ணப்பக் கட்டணம் செலுத்த இயலாதோருக்கு விலக்களிக்கும் பல்கலைக்கழகங்களும் உள. முடிவுகள் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளிவரும். பல பல்கலைக்கழகங்கள் தம்முள் உடன்பட்டவாறு, உதவிப் பணத்துடன் இடம் பெற்றவருக்கு ஏப்ரல் 15ஆம் திகதி வரை சிந்தித்து விடையளிக்க உரிமை உண்டு.

இடம் கிடைத்தபின் பாடநெறிகளும் தகுதிகாண் பரீட்சையும் வரும். அவற்றின்பின் ஆய்வேடும், அதனை அறிஞர் முன் நிலைநாட்டும் கடமையும் காத்திருக்கும். நல்ல உத்தியோகம் ஒன்றையே நாடுவோருக்கு இத்துணை நீண்ட பயணம் தேவையில்லை. முதற் பட்டமோ முதுமாணிப் பட்டமோ போதுமானது. எனவே பிள்ளையை இவ்வழியில் அனுப்ப எண்ணும் பெற்றோர், பெயருக்கு முன் வரும் பட்டத்தை எண்ணாது, விடை தெரியாத வினாவொன்றுடன் பல நாள் சலியாது இருக்கும் இயல்பு அப்பிள்ளைக்கு உண்டா என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும். அவ்வியல்பு உள்ள மாணவருக்கு அந்த ஐந்தாறு ஆண்டுகளும் வீண்போவதில்லை.