குழாயை எடுப்பது கைவிடுவதன்று

‘நாளை மூச்சுக் குழாயை எடுத்துவிடலாம்’ என்று மருத்துவர் கூறக் கேட்டதும், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் உறவினர் பலர் கலங்கிப் போகின்றனர். இனி நம்பிக்கையில்லை என்று கைவிடுகிறார்களோ என்பதே அவர்களது அச்சம். பிழைக்க வழியே இல்லாதபோது கருவியை நிறுத்துவதும் உண்டு. ஆயினும் அது முற்றிலும் வேறானது. குடும்பத்தாரோடு வெளிப்படையாகப் பேசியே முடிவு செய்ய வேண்டியது. மற்றபடி, குழாய் எடுக்கப்படுவது நோயாளி தேறி வருவதன் அடையாளமேயாகும்.

தாமதமும் தீங்கே

வாய் வழியாக மூச்சுக்குழலினுள் செலுத்தப்படும் இக்குழாய், வென்டிலேட்டர் எனும் செயற்கைச் சுவாசக் கருவியோடு நோயாளியை இணைக்கிறது. குழாய் இருக்கும்வரை அவர் நன்கு இருமவோ பேசவோ இயலாது. நுரையீரலில் தொற்று எளிதில் பற்றும். அன்றியும், மூச்சுக்காக ஓயாது உழைக்கும் உதரவிதானம் என்னும் தசை, வேலையின்றி மெலிகிறது. மூளைச்சாவுற்றுக் கருவியின் துணையில் 18 முதல் 69 மணி நேரம் இருந்தோரிடம், அத்தசையின் இழைகள் பாதிக்கும் மேலாக மெலிந்திருந்ததை 2008-இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

அவசரமும் ஆகாது. சோதித்துப் பார்த்துக் குழாய் எடுக்கப்பட்டோரிலும், 100-க்கு 10 முதல் 20 பேருக்கு மீண்டும் குழாய் செலுத்த நேரிடுகிறது. அத்தகையோருக்கு ஆபத்து மிகுதி.

பழைய வழக்கம் மாறிய விதம்

குழந்தைக்குப் பால் மறக்கச் செய்வதைக் குறிக்கும் சொல்லாலேயே ஆங்கிலத்தில் இதனை வழங்குவர். அச்சொல்லுக்கேற்பக் கருவியின் உதவியை நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைப்பதே முன்னாளைய வழக்கம். 1995-இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் எஸ்தேபானும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இவ்வழக்கத்தை அசைத்தது. நிலைமை சீரடைந்த 546 பேரை 2 மணி நேரம் தாமாக மூச்சுவிடச் செய்தபோது, திணறியோர் 130 பேரே. ஏனையோருக்குப் படிப்படியாகக் குறைத்தல் தேவைப்படவேயில்லை! திணறியோரிலும், நாளுக்கு ஒருமுறை தாமாக மூச்சுவிட்டுப் பழகியவர்கள், கருவி தரும் மூச்சுகளின் எண்ணிக்கையை மெல்லக் குறைக்கும் முறையில் இருந்தோரைவிட ஏறத்தாழ மும்மடங்கு விரைவாக விடுபட்டனர்.

அமெரிக்காவில் 336 நோயாளிகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வு மற்றோர் உண்மையை உணர்த்திற்று. காலைதோறும் மயக்க மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்கச் செய்து, அதன்பின் மூச்சைச் சோதித்தபோது, கருவியின்றி இருந்த நாட்கள் பெருகின. ஓராண்டுக்குள் இறந்தோரும் குறைந்தனர்.

சோதனையும் விடுதலையும்

நோயின் காரணம் தணிந்து, இரத்த அழுத்தம் நிலைத்து, பிராணவாயுவின் தேவை குறைந்தபின் சோதனை தொடங்கும். ஆங்கில ‘டி’ எழுத்து வடிவக் குழாய் வழியே பிராணவாயு மட்டும் தந்தோ, கருவியின் சிறு அழுத்த உதவியோடோ, 30 நிமிடம் முதல் 2 மணி நேரம்வரை தாமே மூச்சுவிடச் செய்வர். ஸ்பெயினில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சிறு உதவியோடு 30 நிமிடம் சோதிக்கப்பட்டோரில் 100-க்கு 82 பேரும், உதவியின்றி 2 மணி நேரம் சோதிக்கப்பட்டோரில் 74 பேரும் வெற்றியாக விடுபட்டனர்.

மூச்சு விட்டால் மட்டும் போதுமா? விழிப்பும், சளியை வெளியேற்றும் இருமலும் வேண்டும். இவை இருப்பின், நோயாளியை நிமிர்த்தி அமர்த்தி, சளியை உறிஞ்சி எடுத்து, குழாயின் நுனியிலுள்ள சிறு பலூனின் காற்றை இறக்கிக் குழாயை வெளியே எடுப்பர். மீண்டும் திணறக்கூடியவர் என்று கருதப்படுவோருக்கு, மூக்கு வழியாக மிகுந்த வேகத்தில் பிராணவாயுவோ, முகமூடி வழியாகக் காற்றழுத்தமோ உடனே தரப்படும். தொண்டை வலியும் குரல் கம்மலும் பெரும்பாலும் சில நாட்களில் நீங்கும்.

குடும்பத்தாரின் பங்கு

மயக்கம் தெளியும் வேளையில் நோயாளி பதற்றமுறலாம். தாமே குழாயைப் பிடுங்கவும் முயலலாம். மருந்தை நிறுத்தியது கொடுமை என்று எண்ணாதீர்கள். செவிலியர் அனுமதித்தால், கையைப் பற்றி, அவர் எங்கே இருக்கிறார், என்ன நடக்கிறது என்பதை மெதுவாகச் சொல்லுங்கள். சோதனையில் தேறாவிடில் அது தோல்வியன்று. காரணத்தைக் கண்டு களைந்து, மறுநாள் மீண்டும் முயல்வர். ‘இன்று தாமாக மூச்சுவிடச் செய்து பார்த்தீர்களா?’ என்று மருத்துவரைப் பணிவோடு கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்பதற்குக் குடும்பத்தாருக்கு முழு உரிமை உண்டு.