குத்துமேடை – 9: தோற்றவனுக்குத்தான் வேலை

1980-ஆம் ஆண்டின் தொடக்கம். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலம். சென்னை நேரு ஸ்டேடியத்தில் போட்டிருந்த மேடையில் முகமது அலி ஏறினார். எதிர் மூலையில் ஜிம்மி எல்லிஸ். காட்சிப் போட்டிதான், பட்டம் எதுவும் கைமாறப் போவதில்லை. அலியைக் கண்ணால் பார்த்தால் போதும் என்று வந்த கூட்டம் எல்லிஸைப் பெரிதாகக் கண்டுகொண்டிருக்காது. ஆனால் மறுபோட்டி என்ற விஷயத்தைப் பேச அவரை விடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம்.

இருவரும் அமெரிக்காவின் லூயிவில் ஊர்க்காரர்கள். அமெச்சூர் நாட்களில் இரண்டு முறை மோதி ஆளுக்கொரு வெற்றி பெற்றவர்கள். பிறகு எல்லிஸ் பல காலம் அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்தார். இருவருக்கும் ஒரே வாத்தியார், ஆஞ்சலோ டண்டீ. 1971 ஜூலை 26-இல் ஹூஸ்டனில் இவர்கள் தொழில்முறையாக மோதியபோது டண்டீ நின்றது எல்லிஸின் மூலையில். அலியின் அசைவு ஒவ்வொன்றையும் அறிந்த இரண்டு பேர் எதிர்ப்பக்கம். அப்படியும் 12-ஆவது ரவுண்டில் அலி ஆட்டத்தை முடித்துவிட்டார். எதிராளியைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

தெரிந்துவைத்திருந்ததால் ஜெயித்த கதைக்கு 1936-க்குப் போக வேண்டும். அப்போது ஜோ லூயிஸ் தொழில்முறையில் தோல்வியே காணாத இளைஞர். அவரோடு மோத வந்த ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை முடிந்துபோன ஆள் என்றே பந்தயக்காரர்கள் நினைத்தார்கள். ஷ்மெலிங் லூயிஸின் பழைய சண்டைப் படங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். லூயிஸ் இடது கையால் ஜாப் குத்தியதும் அந்தக் கை முகத்துக்குத் திரும்பி வராமல் சற்றுக் கீழே இறங்கியது. அந்த ஒரு கணம் தாடை திறந்து கிடந்தது. ஜூன் 19 இரவு, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில், ஷ்மெலிங்கின் வலது கை அந்தத் திறப்புக்குள் திரும்பத் திரும்ப நுழைந்தது. 12-ஆவது ரவுண்டில் லூயிஸ் நாக்-அவுட்.

மறு வருடம் லூயிஸ் உலகச் சாம்பியன் ஆனார். ஷ்மெலிங்கை வெல்லும்வரை தன்னை யாரும் சாம்பியன் என்று அழைக்க வேண்டாம் என்றார். 1938 ஜூன் 22, அதே மைதானம். வாத்தியார் ஜாக் பிளாக்பர்னும் லூயிஸும் எடுத்த முடிவு எளிமையானது. ஷ்மெலிங்கின் வலது கைக்கு நேரமும் இடைவெளியும் வேண்டும். இரண்டையும் கொடுக்கக் கூடாது. மணி அடித்ததும் லூயிஸ் பாய்ந்தார். விலாவுக்கும் முதுகுக்கும் இடையில் விழுந்த ஒரு குத்துக்கு ஷ்மெலிங் அலறியது முன்வரிசைக்காரர்களுக்குக் கேட்டது. சண்டை நீடித்தது 124 வினாடி. ஷ்மெலிங்கின் முதுகெலும்பில் முறிவு, நேராக மருத்துவமனை.

இரண்டு வருடத்தில் லூயிஸின் கை கனமாகிவிடவில்லை. ஷ்மெலிங்குக்குத் தெரிந்த ரகசியம் லூயிஸுக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். நெட்டப்பாக்கம், மடுகரைப் பக்கம் கபடி பார்க்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. போன ஆட்டத்தில் ரைடர் எந்தக் காலை முதலில் நீட்டினார் என்பதை, பாயின்ட் பறிகொடுத்த கார்னர் ஆட்டக்காரர் மறப்பதே இல்லை. பாயின்ட் எடுத்தவர் மறந்துவிடுவார்.

இதைச் சட்டம் போல எடுத்துக்கொண்டால் ஃபிளாய்ட் பேட்டர்சன் குறுக்கே வந்து நிற்பார். ஹெவிவெயிட் வரலாற்றில் மறுபோட்டியின் இரண்டு முகத்தையும் பார்த்த மனிதர் அவர்.

1959 ஜூன் 26-இல் ஸ்வீடன்காரர் இங்கெமர் யோஹான்சன் அவரை மூன்றாவது ரவுண்டில் ஏழு முறை தரையில் சாய்த்துப் பட்டத்தைப் பறித்தார். பேட்டர்சன் மனிதர்கள் முகத்தில் விழிக்கக் கூசினார். பிறகு ஊருக்கு ஒதுக்குப்புறமாகத் தங்கிப் பயிற்சி செய்தார். யோஹான்சனின் ஆயுதம் வலது கை ஒன்றே. அதற்கு மட்டும் பதில் தயார் செய்துகொண்டு வந்தவர், 1960 ஜூன் 20 அன்று ஐந்தாவது ரவுண்டில் இடது ஹூக்கால் ஆட்டத்தை முடித்தார். இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை மீட்ட முதல் ஆள் என்ற பெயர் அன்று அவருக்குக் கிடைத்தது.

1962 செப்டம்பர் 25-இல் சிகாகோவில் சன்னி லிஸ்டன் வந்தார். 2 நிமிடம் 6 வினாடியில் பேட்டர்சன் கீழே. இந்தச் சண்டைக்குப் பிறகு அவர் முகத்தை மறைக்க ஒட்டுத் தாடி, மீசையோடு ஊரை விட்டுக் கிளம்பினார். பத்து மாதம் கழித்து, 1963 ஜூலை 22-இல், லாஸ் வேகாஸில் மறுபோட்டி. இந்த முறை 2 நிமிடம் 10 வினாடி. பத்து மாத உழைப்புக்கு நான்கு வினாடி லாபம்!

அதே பேட்டர்சன், அதே அவமானம், அதே வைராக்கியம். எதிராளிதான் வேறு. யோஹான்சனிடம் இருந்தது படித்துத் தீர்க்கக்கூடிய ஒரு குத்து. லிஸ்டனிடம் இருந்தது உடம்பு: பேட்டர்சனை விடப் பத்து கிலோவுக்கு மேல் எடை, எட்டாத தூரத்திலிருந்தே முகத்தைத் தொட்டுவிடும் நீளக் கை. முதல் தோல்வி திட்டத்தில் நடந்த பிழையாக இருந்தால் மறுபோட்டி அதைத் திருத்த இடம் கொடுக்கும். எலும்பின் அளவிலேயே வித்தியாசம் இருந்தால் எந்த வாத்தியாராலும் பாடம் எடுத்து அதை மாற்ற முடியாது. எல்லிஸ் அலியிடம் தோற்றதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

இதுவரை தோற்றவர் பக்கம். ஜெயித்தவர் பக்கம் இன்னும் வேடிக்கை.

2019 ஜூன் 1. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆண்டனி ஜோஷுவாவை எதிர்க்க வேண்டியவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிவிட, கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டவர் ஆண்டி ரூயிஸ். தொந்தியும் தொப்பையுமாக மேடையேறியவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஏராளம். ஏழாவது ரவுண்டுக்குள் ஜோஷுவா நான்கு முறை விழுந்தார். உலகப் பட்டங்கள் ரூயிஸ் தோளில். அதன் பிறகு கார், வீடு, விருந்து என்று மாதங்கள் ஓடின. டிசம்பர் 7-இல் சவுதி அரேபியாவின் திரியாவில் மறுபோட்டி. முந்தைய நாள் எடை பார்த்தபோது ரூயிஸ் ஏறக்குறைய ஏழு கிலோ ஏறியிருந்தார். ஜோஷுவா நாலரை கிலோ இறங்கியிருந்தார். மறுநாள் ஜோஷுவா ஆடியது பார்க்க அழகான சண்டை ஆகாது. ஜாப் போட்டார், விலகினார், சுற்றினார்; 12 ரவுண்டும் அதையே செய்தார். ரூயிஸால் அவரை எட்டவே முடியவில்லை. நடுவர்கள் மூவரும் ஜோஷுவாவுக்கே கொடுத்தார்கள். கொண்டாட்டம் மிஞ்சிப்போனதை ரூயிஸே பிறகு ஒத்துக்கொண்டார்.

1978-இல் லியான் ஸ்பிங்க்ஸுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுவே. வெறும் ஏழு தொழில்முறைப் போட்டி ஆடியிருந்தவர், பிப்ரவரி 15-இல் அலியை வென்று உலகத்தையே திகைக்க வைத்தார். அன்று 36 வயது அலி, பையன் தானாகக் களைத்துப்போவான் என்று கயிற்றில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். பையன் களைக்கவில்லை. ஏழு மாதம் கழித்து நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் அலி கயிற்றுப் பக்கமே போகவில்லை. ஜாப், உடனே கழுத்தைப் பிடித்து அணைப்பு, மறுபடி ஜாப். இடையில் ஸ்பிங்க்ஸின் மூலையில் ஆளாளுக்கு ஒரு யோசனை கத்திக்கொண்டிருந்தார்கள். வெறுத்துப்போன வாத்தியார் ஜார்ஜ் பென்டன் சண்டை முடியும் முன்பே எழுந்து போய்விட்டார். ஜெயித்தவரைச் சுற்றித்தான் கூட்டம் சேரும் என்பதற்கு இதை விட நல்ல சாட்சி இல்லை.

மறுபோட்டி இத்தனை சீக்கிரம் நடப்பதற்குக் காரணம் ரோஷம் மட்டும் இல்லை, காகிதமும்தான். பெரிய சாம்பியன்கள் ஒப்பந்தம் போடும்போதே, தோற்றால் திரும்பவும் மோத வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்துவிடுவார்கள். 2001 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் உயர்ந்த நிலப்பரப்பில், காற்றுப் பழகுவதற்குள் மேடையேறிய லெனாக்ஸ் லூயிஸ், ஹசீம் ரஹ்மானின் ஒற்றை வலது குத்தில் ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார். சண்டைக்கு முன் ஒரு ஹாலிவுட் படத்தில் முகம் காட்டப் போயிருந்தவர் அவர். ரஹ்மான் வேறு ஆளோடு மோதப் பார்த்தபோது லூயிஸ் நீதிமன்றம் போனார். நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நவம்பரில், எடை குறைத்து வந்த லூயிஸ் நான்காவது ரவுண்டிலேயே பட்டத்தைத் திரும்ப வாங்கினார்.

வடசென்னையில் இப்படிக் காகிதம் தேவைப்பட்டதில்லை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து நின்ற ‘ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை’யில் தோற்றவர் தனி ஆள் இல்லை; அவருடைய வாத்தியாரும் தெருவும் சேர்ந்தே தோற்றார்கள். அதனால் அடுத்த முறை அதே ஆள்தான் மேடையேற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கணக்கு பரம்பரையின் பெயரில் இருந்தது. 2021-இல் வெளிவந்த பா.ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படத்தில் கபிலனும் வேம்புலியும் மீண்டும் மோதுவதைப் பார்த்தவர்கள், அந்த இடைவெளியில் கபிலனின் உடம்புக்குச் சாராயம் செய்ததையும், பிறகு கடற்கரையில் புதிய பயிற்சி செய்ததையும் மேலே சொன்ன சண்டைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரூயிஸும் ஜோஷுவாவும் பிரித்துக்கொண்ட இரண்டு வேடத்தையும் அங்கே ஒரே ஆள் போடுகிறார்.

இரண்டாவது மோதலில் யாருக்குப் பாடம் அதிகம் என்பது ஓரளவு பிடிபடுகிறது. மூன்றாவது முறை மோதினால் இரண்டு பேருமே தோல்வி கண்டவர்கள், இரண்டு பேரும் மற்றவரை மனப்பாடம் செய்தவர்கள். 1975 அக்டோபர் 1, மணிலாவின் புழுக்கத்தில் அலியும் ஜோ ஃபிரேஸியரும் 14 ரவுண்டு நின்றது அப்படித்தான். அது அடுத்த வாரம்.